ஸ்டாஃப் நொட்டேஷன் தெரியாவிட்டால் இசைத் தத்துவம் படிக்கக் கூடாதா?

செம்பனைக்காற்று:
சென்ற ஞாயிறு மலேசியாவில் நம் சுங்கை சிப்புட்டில் நடந்த மேற்கல்விக் கூட்டத்தில், "ஐந்து கோட்டில் எழுதும் மேலை இசைக்குறிப்பான ஸ்டாஃப் நொட்டேஷன் படிக்கத் தெரியாதவர்கள் இசைத் தத்துவத்தில் முதுகலைக்கு விண்ணப்பிப்பது வீண்" என்று பியானோ ஆசிரியர் ஒருவர் அடித்துச் சொன்னார். தத்துவத்தில் இளங்கலை முடித்து, நாதஸ்வரமும் வாசிக்கும் என் தங்கை மகள் அன்றிரவே விண்ணப்பத்தை மூடி வைத்துவிட்டாள். தத்துவத் துறையினர் அவளுடைய கட்டுரையில் வாதம் நிற்கிறதா என்று பார்ப்பார்களே தவிர, ஐந்து கோட்டில் புள்ளி வாசிப்பாளா என்று பார்க்க மாட்டார்கள்.

எட்டாம்தரம்:
அதைச் சொன்னவன் நான்தான் ஐயா, இப்போதும் அதையே சொல்கிறேன். இசைத் தத்துவத்தில் 1854இல் ஹான்ஸ்லிக் எழுதிய நூலும் 1980இல் லெவின்சன் எழுதிய கட்டுரையும் பீத்தோவனை எடுத்துக்காட்டித்தான் பேசுகின்றன. நொட்டேஷன் தெரியாத பிள்ளை அவற்றோடு எப்படி வாதாடுவாள்?

செம்பனைக்காற்று:
வாதாடத்தான் போகிறாள். தத்துவ அறிஞர் நெல்சன் குட்மன் 1968இல், ஒரு சுரம் பிசகினாலும் அது அந்தப் படைப்பின் நிகழ்த்தல் ஆகாது என்று எழுதினார். அந்தக் கணக்கு முழுவதும் எழுதி வைத்த தாளை நம்பி நிற்கிறது. நம் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் வித்துவான் சீவாளியை உதட்டில் நனைத்துக்கொண்டு, மேளம் ஓய்ந்திருக்கத் தோடி ராகத்தைத் தொடங்கி அரை மணி நேரம் வளர்த்தாரே, அவர் எதிரே எந்தத் தாள் இருந்தது? அங்கே படைப்பு எது, பிசகு எது? படைப்பு என்னும் கருத்து 1800ஐ ஒட்டித்தான் ஐரோப்பிய இசையை ஆளத் தொடங்கியது என்று தத்துவப் பேராசிரியர் லிடியா கோர் 1992இலேயே எழுதிவிட்டார். என் தங்கை மகள் கேட்க நினைப்பது அதற்கு அடுத்த கேள்வி. அதற்கு நொட்டேஷன் எதற்கு?

கல்லுமலை:
இருவரும் நொட்டேஷனையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். வழிகாட்டுபவர் இருக்கிறாரா என்று பாருங்கள். அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் என்றால் இசைத் தத்துவ அறிஞர் பீட்டர் கிவி என்று சொன்ன காலம் ஒன்று உண்டு. அவர் 2017இல் மறைந்துவிட்டார். பணத்தையும் பாருங்கள். அமெரிக்காவில் முனைவர் படிப்புக்குப் பெரும்பாலும் கட்டணமும் உதவித்தொகையும் கிடைக்கும். இங்கிலாந்தின் ஓராண்டு முதுகலைக்குப் பெரும்பாலோர் கைப்பணத்தைத்தான் கட்டுகிறார்கள். அதைவிடச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இந்திய இசைத் துறை நமக்குக் கட்டுப்படியாகும்.

எட்டாம்தரம்:
அங்கேயும் சுரக்குறிப்பு வேண்டும். ஒரு ஸ்தாயிக்குள் வரும் நுண்சுரங்களான சுருதி இருபத்திரண்டு என்று பாடம் நடத்துவார்கள்; அதையாவது அந்தப் பிள்ளை எழுதிக் காட்டுவாளா?

கல்லுமலை:
இருபத்திரண்டு என்று யார் முடிவு கட்டியது? ஆபிரகாம் பண்டிதர் 1917இல் கருணாமிர்த சாகரம் என்னும் தம் இசை நூலில் இருபத்து நான்கு என்று கணக்குப் போட்டு நிறுவினார். தமிழர் கணக்கைத் தமிழரே மறுப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

எட்டாம்தரம்:
அவர் நிறுவினார் என்று நீங்கள் சொல்கிறீர்கள், எல்லோரும் ஏற்றுக்கொள்ளவில்லை. செம்பனைக்காற்று ஐயாவின் கோபம் எதனால் என்று ஊருக்கே தெரியும். என் மாணவர்கள் கோயிலில் கீபோர்டு வாசிப்பதைத் தடுத்தவர் அவர்தான்.

செம்பனைக்காற்று:
ஆம், தடுத்தேன், மீண்டும் நேர்ந்தாலும் தடுப்பேன். சுவாமி புறப்பாட்டின்போது நாதஸ்வரத்தை நிறுத்திவிட்டு ஒலிபெருக்கியில் கீபோர்டை வைத்தால், பால்மரம் வெட்டிய காலத்தில் சம்பளத்தில் பிடித்து மேளம் வைத்த பெரியவர்களுக்கு நாம் என்ன பதில் சொல்வோம்? ஆனால் அதை இங்கே இழுக்க வேண்டியதில்லை. கல்லுமலைத் தம்பிக்கும் ஒன்று சொல்கிறேன்: அவளுக்கு இசை கற்க இடம் தேவையில்லை, இசை என்றால் என்ன என்று கேட்க இடம் தேவை. அதனால்தான் கோர் பணியாற்றும் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தை முதலில் எழுதி வைத்தாள். ஆகவே மறுபடியும் கேட்கிறேன், நொட்டேஷன் தெரிந்திருக்க வேண்டும் என்று எந்தத் தத்துவத் துறை விண்ணப்பத்தில் போட்டிருக்கிறது? ஒன்றைக் காட்டுங்கள்.

எட்டாம்தரம்:
விண்ணப்பத்தில் போடாததெல்லாம் தேவையில்லை என்று ஆகிவிடுமா? முதல் பருவத்திலேயே ஆசிரியர் சொனாட்டா என்னும் மேலை இசைப் படைப்பின் தாளைக் கையில் கொடுத்தால் என்ன செய்வாள்?

செம்பனைக்காற்று:
தோடியைப் பற்றி இருபது பக்கம் எழுதியிருக்கிறாள். மூடி வைத்ததை நேற்றிரவு திறந்துவிட்டாள், அதைத்தான் அனுப்பப் போகிறாள். நீங்கள் இன்னும் ஒரு துறையின் பெயரையும் காட்டவில்லை.