மழையில் அம்மாவை எனோஷிமா கூட்டிப் போகலாமா?

கேள்வி (கவாசாகிவாசி):

வணக்கம். ஜப்பான் வந்து பத்து மாதம் ஆகிறது. அம்மா இரண்டு வாரமாக என்னோடு கவாசாகியில் இருக்கிறார், வரும் செவ்வாய் கிளம்புகிறார். லீவு எல்லாம் தீர்ந்துவிட்டது, மிச்சம் இந்தச் சனிக்கிழமை மட்டும்தான். தெரியாத்தனமாக எனோஷிமா தீவுக்குப் போகலாம் என்று ஆசை காட்டிவிட்டேன். இப்போது பார்த்தால் ட்ஸுயு என்கிற இந்த ஊர் மழைக்காலம் ஆரம்பித்துவிட்டது. போனில் சனிக்கிழமை முழுக்கக் குடைப் படம்தான் காட்டுகிறது. அம்மாவுக்கு 63 வயது, படி என்றால் இடது முழங்கால் மக்கர் செய்யும். போகலாமா, அல்லது யோகோஹாமாவில் ஏதாவது ஒரு மாலுக்குள் நாளை ஓட்டிவிடலாமா?

பதில் (பழைய யோகோஹாமாக்காரி):

தம்பி, கூட்டிக்கொண்டு போங்கள். மால் எங்கேயும் ஓடிவிடாது.

நாங்கள் ஒரு ஜூன் மாதம் என் மாமனாரை இதே மாதிரி மழையில் அங்கே கூட்டிப் போனோம். நான்கு பேர், கோன்பினியில் (தெருமுனைச் சின்னக் கடை) வாங்கிய நான்கு கண்ணாடிக் குடை. பாலத்தில் பாதி தூரம்கூடப் போகவில்லை, இரண்டு குடை கிண்ணம் மாதிரி மேல்நோக்கித் திரும்பிவிட்டன. தீவுக்குள் போய்விட்டால் மழை பெரிய தொல்லை இல்லை. அந்தப் பாலம்தான் தொல்லை. கிட்டத்தட்ட நானூறு மீட்டர், இரு பக்கமும் கடல், காற்றுக்கு மறைப்பே கிடையாது. பக்கத்திலேயே வண்டிகளுக்கான பாலம் இருக்கிறது. கதாசே-எனோஷிமா ஸ்டேஷனிலேயே டாக்ஸி பிடித்து, தீவின் முகப்பில் இருக்கும் வெண்கலத் தோரணவாயில் பக்கத்தில் இறங்கிக்கொள்ளுங்கள்.

அங்கிருந்து மேலே ஏற எஸ்கார் என்று ஒரு நகரும் படி இருக்கிறது. 1959 முதல் ஓடுகிறது, டிக்கெட் உண்டு, கூரையும் உண்டு. ஆனால் ஏறுவதற்கு மட்டும்தான். இறங்குவது நம் காலில்தான்.

நாங்கள் கோட்டை விட்டது அதற்கப்புறம். மேலே வந்துவிட்ட உற்சாகத்தில், தீவின் பின்பக்கம் இவாயா குகை வரை போய்விடுவோம் என்று படி இறங்கினோம். கையில் மெழுகுவர்த்தி கொடுத்து உள்ளே அனுப்புவார்களாம், மாமனாருக்கு அதைப் பார்க்க ஆசை. கடலோரம் வரை இறங்கிப் பார்த்தால், அலை பலமாக இருக்கிறது என்று குகையை மூடியிருந்தார்கள். பாலத்தடிக்குத் திரும்பக் கொண்டுவிடும் சின்னப் படகும் அன்றைக்கு ஓடவில்லை. அந்தப் பக்கம் எஸ்காரும் கிடையாது. இறங்கிய படி அத்தனையும் மனிதர் ஏறினார். ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. ஆகவே குகைப் பக்கமே தலைவைக்காதீர்கள்.

மழைநாளில் ஒரு லாபம் சொல்கிறேன். முதல் கோயிலான ஹெட்ஸுனோமியாவை ஒட்டி எட்டு மூலை மண்டபம் ஒன்று இருக்கிறது. அன்றைக்கு அதற்குள் நாங்கள் மட்டும்தான். உள்ளே இருப்பவள் பென்சைத்தென், அதாவது நம் சரஸ்வதி. பௌத்தத்தோடு சீனா வழியாகப் போய்ச் சேர்ந்தவள். அவள் முதலில் நதி என்பதை ஜப்பான்காரர்கள் மறக்கவே இல்லை, அவளுக்குக் கோயில் கட்டினால் பெரும்பாலும் தண்ணீர்ப் பக்கமாகத்தான் கட்டுவார்கள். அவளுடைய மூன்று பெரிய தலங்கள் எனோஷிமா, மியாஜிமா, பிவா ஏரியில் இருக்கும் சிகுபுஷிமா. மூன்றுமே தீவு! மழையில் போய்ப் பார்ப்பதுதான் முறை என்று நானே ஒரு நியாயம் கற்பித்துக்கொண்டேன்.

மண்டபத்தில் இரண்டு சிலை. எட்டுக் கையில் ஆயுதங்களோடு ஒன்று. 1182இல் மினமோட்டோ யோரிடோமோ என்ற போர்த்தலைவர் போர் வெற்றிக்காக வைக்கச் செய்தது என்கிறார்கள். இன்னொன்று வெள்ளையாக, பிவா என்ற நரம்பு வாத்தியத்தோடு, உடம்பில் ஒரு துணி இல்லாமல் உட்கார்ந்திருக்கும். அம்மாவிடம் முன்னாலேயே சொல்லி வையுங்கள்.

பதில் (ரயில் பைத்தியம்):

பாஸ், கவாசாகியிலிருந்து தோகாய்தோ லைனில் நேராக ஓஃபுனா வந்து, ஷோனன் மோனோரயில் பிடியுங்கள். தண்டவாளம் தலைக்கு மேலே, பெட்டி கீழே தொங்கிக்கொண்டு போகும். 14 நிமிடம். மழையில் வீட்டுக் கூரைகளுக்கு மேல் ஆடிக்கொண்டே போவது தனி சுகம். சாப்பாட்டில் ஒன்று: அங்கே ஷிராசு என்ற பொடிமீன்தான் பிரபலம். கடல் கொந்தளித்தால் படகு போகாது, பச்சையாகக் கிடைக்காது. வேகவைத்ததைக் கேளுங்கள்.

பதில் (பழைய யோகோஹாமாக்காரி):

மோனோரயில் அழகுதான், ஆனால் இறங்கியபின் நடை கூடுதல். முழங்காலை நினைத்தால், ஃபுஜிசாவா வரை போய் ஓடக்யூ ரயிலுக்கு மாறுவதே மேல். அங்கிருந்து ஏழெட்டு நிமிடம்தான்.

கேள்வி கேட்டவர், சனி இரவு:

போய்வந்துவிட்டோம். எல்லாருக்கும் நன்றி. ரயில் அண்ணா, மன்னிக்கவும், அக்கா சொன்ன வழியிலேயே போனோம்.

டாக்ஸி, எஸ்கார் இரண்டும் கைகொடுத்தன. கலங்கரை விளக்குக் கோபுரத்தை அடியில் நின்று பார்த்ததோடு சரி, பாதிக்கு மேல் மேகம்தான். அம்மா சைவம் என்பதால் ஷிராசு எனக்கு மட்டும். அவருக்குக் கையோடு கொண்டுபோன தயிர்சாதம். கடை வாசலில் சொருகி வைத்த எங்கள் குடையை யாரோ மாற்றி எடுத்துப் போய்விட்டார்கள். “எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கு, நீயும் ஒண்ண எடு” என்றார் அம்மா. எனக்கு மனசு வரவில்லை, புதிதாக ஒன்று வாங்கினேன்.

மண்டபத்தில்தான் அதிக நேரம் நின்றோம். சிலையைப் பற்றி எப்படிச் சொல்வது என்று ரயிலில் முழுக்க யோசித்துக் கடைசியில் சொல்லவே இல்லை. அம்மா கைகூப்பிவிட்டு வெகுநேரம் அந்த வாத்தியத்தையே பார்த்தார். “வீணைன்னா குடம் ரெண்டு இருக்கணுமே” என்றார். துணி பற்றிப் பேச்சே இல்லை. வெளியே வந்து குடையை விரிக்கும்போதுதான், “இந்த ஈரத்துல அவளுக்குக் குளிராதாடா?” என்றார்.

திரும்பும்போது டாக்ஸி வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்துப் பாலத்தை நடந்தே கடந்தார். முழங்கால் பரவாயில்லை. ஷூதான் இரண்டு பேருக்கும் ஊறிப்போய்விட்டது. உள்ளே காகிதம் திணித்து வாசலில் வைத்திருக்கிறோம், செவ்வாய்க்குள் காய்ந்தால் சரி.