அம்மாவின் சால்வைக்கு மஞ்சள் நூல் யாரிடமாவது இருக்கிறதா?

வணக்கம் அக்கா, தங்கைகளே. பினாங்கு ஆயர் ஈத்தாமில் இருக்கிறேன். இனி புது நூல் வாங்குவதில்லை என்று சபதம் போட்டு அலமாரியைத் திறந்தேன். ஒற்றைக் காலுறைகள் மூன்று, கைப்பகுதி இன்னும் பின்னாத ஸ்வெட்டர் ஒன்று, கேமரன் மலைக்குப் போகும்போது அம்மா போர்த்திக்கொள்வதற்காக நான் பின்ன ஆரம்பித்த சால்வை பாதி. (இந்த வெயிலில் ஸ்வெட்டர் எதற்கு என்று கேட்காதீர்கள், வீட்டிலேயே கேட்டாயிற்று.)

சால்வைதான் சிக்கல். மாம்பழ மஞ்சள், 4 மி.மீ. ஊசியில் பின்னியது. லேபிள் தொலைந்துவிட்டது. ஒரு துண்டைக் கொளுத்திப் பார்த்தேன். உருகவில்லை, முடி கருகும் வாடை வந்தது. அப்போ செயற்கை நூலான அக்ரிலிக் இல்லை, கம்பளிதான். இன்னும் 100 கிராம் வேண்டும். சாயம் கொஞ்சம் வேறுபட்டாலும் சரி, இரண்டு வரிசைக்கு ஒருமுறை நூலை மாற்றிப் பின்னிச் சமாளித்துவிடுவேன். யாரிடமாவது மிச்சம் இருந்தால் சொல்லுங்கள். பதிலுக்கு நீலப் பருத்தி நூல் ஆறு உருண்டை தருகிறேன்.