கனடாவில் மின் ஒப்பந்தக்காரர் உரிமம் எடுக்க எவ்வளவு ஆகும்? அவசரம்

கேட்டவர் (மஞ்சக்குப்பம், கடலூர்):
அனைவருக்கும் வணக்கம். கடலூரில் 14 ஆண்டுகள் வீட்டு ஒயரிங் வேலை பார்த்தவன் நான். ஐ.டி.ஐ. சான்றிதழும் மின்கம்பியாள் தகுதிச் சான்றிதழும் வைத்திருக்கிறேன். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்த பிறகு, சாய்ந்த கம்பங்களுக்கும் அறுந்த சர்வீஸ் ஒயர்களுக்கும் நடுவில் வாரக்கணக்கில் உழைத்த அனுபவமும் உண்டு. குடும்பத்தோடு கனடா வந்து ஏழு வாரங்கள் ஆகின்றன. சொந்தமாக ஒப்பந்தக்காரர் உரிமம் எடுக்க எவ்வளவு செலவாகும், எத்தனை நாளில் கிடைக்கும் என்பது வெள்ளிக்கிழமைக்குள் தெரிந்தாக வேண்டும். தயவுசெய்து உதவுங்கள்.

வில்லியனூர்க்காரர்:
தம்பி, உரிமத்தைப் பிறகு பார்க்கலாம். முதலில் நல்ல குளிர்காலக் காலணி வாங்குங்கள். நான் வந்த ஆண்டில் கருவிப் பையைத் தோளில் சுமந்துகொண்டு பேருந்து நிறுத்தத்தில் நாற்பது நிமிடம் நின்று கால்விரல் மரத்துப்போனவன். ஊர்ச் சான்றிதழை இங்கே ஒருவரும் மதிக்க மாட்டார்கள். தொழில் பழகுநராகப் பதிந்து, 9,000 மணிநேரப் பயிற்சியை முதலிலிருந்து முடிப்பதுதான் ஒரே வழி. எனக்கு அதற்கு ஐந்து ஆண்டுகள் பிடித்தன.

நெல்லிக்குப்பத்தார்:
அண்ணன் சொல்வது எல்லோருக்கும் பொருந்தாது. வெளிநாட்டில் வேலை செய்தவர்கள், அந்த அனுபவம் இங்குள்ள பயிற்சிக்கு ஈடானதா என்று பார்க்கும் தகுதிச் சமநிலை மதிப்பீட்டுக்கு ஒன்டாரியோவில் விண்ணப்பிக்கலாம். அதை நடத்துவது தொழிற்சான்றிதழ் வழங்கும் மாகாண அமைப்பான ஸ்கில்ட் டிரேட்ஸ் ஒன்டாரியோ. நான் விண்ணப்பித்தபோது கட்டணம் 235 டாலர், அதன் மேல் 13 விழுக்காடு வரி. மதிப்பீட்டில் தேறினால் 309-ஏ என்ற கட்டட, பராமரிப்பு எலக்ட்ரீஷியன் பிரிவுத் தேர்வை எழுதலாம். அதற்கு அப்போது 150 டாலரும் வரியும். 70 விழுக்காடு மதிப்பெண் எடுத்தால் தேர்ச்சி. நான் இரண்டாவது முறையில்தான் தேறினேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

முத்தியால்பேட்டை அக்கா:
கேட்டவர் எந்த மாகாணத்தில் இருக்கிறார் என்றே சொல்லவில்லை. நீங்கள் இருவரும் ஒன்டாரியோ என்று நீங்களாகவே முடிவு செய்துகொண்டீர்கள். மாகாணத்துக்கு மாகாணம் விதி வேறு. தம்பி, எந்த ஊர், எந்த விசா, இது ஏன் வெள்ளிக்கிழமைக்குள் தெரிய வேண்டும்?

வில்லியனூர்க்காரர்:
விசா எதுவானாலும் வாடகை ஒன்றுதானே அக்கா. நம் ஊரில் ஒரு வீட்டுக்கு முழு ஒயரிங் செய்து வாங்கிய கூலி, இங்கே ஒரு மாதக் கார் காப்பீட்டுக்கே காணாது. பதினான்கு ஆண்டு அனுபவம் உள்ளவனைப் போய்த் துளை போடச் சொல்கிறார்கள்.

நெல்லிக்குப்பத்தார்:
துளை போடச் சொன்னால்கூடப் பரவாயில்லை. என்னை முதல் மூன்று மாதம் குப்பை அள்ள வைத்தார்கள்.

கேட்டவர்:
மன்னிக்கவும், ஒன்டாரியோ மாகாணத்தின் லண்டன் நகரம். நிரந்தர வசிப்புரிமையோடு வந்திருக்கிறோம். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். தெரிந்த தமிழ்க் குடும்பம் ஒன்று பேஸ்மென்ட்டுக்கு ஒயரிங் செய்யச் சொல்லி 1,200 டாலர் முன்பணம் கொடுத்தது. பாதிக் கேபிள் இழுத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை சுவர்ப்பலகை அடிக்க ஆள் வருகிறார். அதற்குள் உரிமம் இருக்க வேண்டும் என்று வீட்டுக்காரர் இப்போது சொல்கிறார்.

முத்தியால்பேட்டை அக்கா:
இதை முதல் வரியிலேயே சொல்லியிருக்க வேண்டும். இன்றே வேலையை நிறுத்துங்கள். என் கணவர் லண்டனிலேயே ஒப்பந்தக்காரராக இருக்கிறார்; அவரிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

ஒன்டாரியோவில் 309-ஏ கட்டாயத் தொழில். சான்றிதழோ பதிவு பெற்ற பயிற்சியோ இல்லாமல் அந்த வேலையைச் செய்யவே கூடாது. ஒப்பந்தக்காரராக வேலை எடுக்க அதற்கு மேல் தனி உரிமம் வேண்டும். நம் ஊரில் இ.எஸ்.ஏ. என்றால் ஒப்பந்தக்காரர் உரிமத்தில் ஒரு தரம். இங்கே அதே மூன்று எழுத்துகள் மின் பாதுகாப்பு ஆணையத்தைக் குறிக்கின்றன. இது பலரையும் குழப்பியிருக்கிறது. அந்த உரிமத்துக்கு மாஸ்டர் எலக்ட்ரீஷியன் ஒருவர் பொறுப்பில் இருக்க வேண்டும், 20 லட்சம் டாலர் பொறுப்புக் காப்பீடு வேண்டும், தொழிலாளர் காப்பீட்டுக் கணக்கும் வேண்டும். நீங்களே மாஸ்டர் ஆவதென்றால், சான்றிதழ் பெற்ற பிறகு மூன்று ஆண்டு அனுபவமும் இன்னொரு தேர்வும் இருக்கின்றன. ஆகவே வெள்ளிக்கிழமை என்ற பேச்சுக்கே இடமில்லை.

சுவர்ப்பலகை அடிப்பதை எப்படியாவது தள்ளிவைக்கச் சொல்லுங்கள். கேபிள் மறைவதற்கு முன்பே ஆணையத்தின் ஆய்வாளர் பார்க்க வேண்டும். மூடிவிட்டால் அடித்த பலகையை அவர் பிரிக்கச் சொல்லலாம். அந்தச் செலவுக்கு உங்கள் 1,200 டாலர் போதாது. முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்து, உரிமம் உள்ளவரை வைத்துக்கொள்ளும்படி வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். வேலை தொடங்கிய 48 மணிநேரத்துக்குள் ஆணையத்துக்கு அறிவிப்பு அனுப்புவது அந்த ஒப்பந்தக்காரருடைய கடமை. நீங்கள் இழுத்த கேபிளை அவர் ஏற்பாரா, பிடுங்கிப் போடுவாரா என்பது அவர் விருப்பம்.

நெல்லிக்குப்பத்தார்:
இன்னொன்றையும் சேர்க்கிறேன், ஏனென்றால் என் உயிர் போயிருக்கும். ஊரில் சிவப்பு பேஸ், கறுப்பு நியூட்ரல் என்று கை பழகியிருக்கிறது. இங்கே கறுப்புதான் மின்சாரம் ஓடும் கம்பி, வெள்ளைதான் நியூட்ரல். ஒரு நாள் மாலையில், களைப்பில், கறுப்பைச் சாதாரணமாகக் கையில் பிடித்துவிட்டேன். 120 வோல்ட் என்பதால் முழங்கை மட்டும் சுவரில் மோதியதோடு தப்பினேன். சுவிட்சும் இங்கே மேலே தள்ளினால்தான் எரியும். பாதிக் கேபிளை எந்த நிறக் கணக்கில் இணைத்திருக்கிறீர்கள் என்று இப்போதே போய்ப் பாருங்கள். பார்ப்பதற்கு முன் மெயினை அணையுங்கள்.

வில்லியனூர்க்காரர்:
அக்கா சொல்வதுதான் சரி. ஒரே வழி என்று நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். என் காலத்தில் மதிப்பீட்டைப் பற்றி எனக்குச் சொல்ல ஆளில்லை. தம்பி, உரிமம் உள்ள ஒப்பந்தக்காரரிடம் பழகுநராகப் பதிந்து சேர்ந்துகொண்டே மதிப்பீட்டு விண்ணப்பத்தையும் போடுங்கள். ஆனால் 9,000 மணிநேரத்துக்கு ஈடான அனுபவத்தைக் காகிதத்தில் காட்டியாக வேண்டும்; "நன்றாக வேலை செய்தார்" என்ற ஒரு வரிக் கடிதம் போதாது.

கேட்டவர்:
கேபிள் முனைகளைப் பார்த்தேன். இரண்டு பெட்டிகளில் கறுப்பை நியூட்ரலாக எடுத்திருக்கிறேன். வீட்டுக்காரரிடம் பேசிவிட்டேன், பலகை வேலை நின்றது. முன்பணத்தில் 900 டாலர் கையில் இருக்கிறது, மீதியை அடுத்த மாதம் தருகிறேன் என்றேன், அவரும் ஒப்புக்கொண்டார். அனுபவக் கடிதத்துக்குத்தான் கவலை. என் பழைய முதலாளி மஞ்சக்குப்பத்தில் கடையை மகனிடம் விட்டுவிட்டு ஓய்வில் இருக்கிறார், தொலைபேசியை எடுப்பதில்லை.

திருப்பாதிரிப்புலியூர்க்காரர்:
நான் ஊரில்தான் இருக்கிறேன் அண்ணே. எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை, வாரத்துக்கு எத்தனை மணிநேரம், வீட்டு ஒயரிங் எவ்வளவு, மோட்டார், பேனல் வேலை எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள். நாளைக் காலை கடை திறந்ததும் போய், கடையின் பெயர் அச்சிட்ட தாளில் பெரியவரின் கையெழுத்தோடு வாங்கி, நோட்டரியிடம் சான்றும் பெற்று அனுப்புகிறேன்.