தோட்டத்து நூதனசாலை: கண்ணாடியில் ஒட்டிய படங்களையும் புழங்கிய சாமான்களையும் எப்படிப் பாதுகாப்பது?

மஸ்கெலியா இளைஞன்:
வணக்கம். எங்கள் தோட்டத்தில் பாவனையில்லாமல் இருந்த பழைய பிள்ளைக்காம்பராவை (வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்க்கும் இடம்) சிறிய நூதனசாலையாக்க இடம் கிடைத்திருக்கிறது. லயங்களில் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) இருந்து தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக் கத்தி, மூங்கில் கொழுந்துக்கூடை, பெயர் வெட்டிய பித்தளைக் குடம், அரிக்கன் லாம்பு, கம்பளி, டிரங்குப் பெட்டி எல்லாம் வந்து சேருகின்றன. ஸ்டூடியோவில் எடுத்த குடும்பப் படங்களும் நிறைய. சில படங்கள் பிரேமுக்குள் கண்ணாடியோடு ஒட்டிப்போய்விட்டன, சிலவற்றில் வெள்ளைப் பூஞ்சணம். கூரை தகரம், ஒரு சுவரில் ஈரம் ஊறும். ஏசி போட வசதியில்லை. கண்காட்சிக்கு முன் குடத்தைப் புளி போட்டு விளக்கி, கத்திக்குத் தேங்காய் எண்ணெய் பூசிவிடலாமா? படங்களை எப்படிப் பிரிப்பது?

பழைய அல்பம்:
படங்களைப் பிரிக்கவே வேண்டாம். படத்தின் மேற்பரப்பில் இருப்பது ஜெலட்டின். ஈரத்தில் அது ஊறிக் கண்ணாடியைப் பற்றும், காய்ந்ததும் பசையாகிவிடும். இழுத்தால் முதலில் உரிந்து வருவது முகம்தான். தண்ணீரில் ஊறவைத்து எடுக்கச் சொல்வார்கள். பூஞ்சணம் தின்ற ஜெலட்டின் தண்ணீரில் கரைந்தே போகும். பின்னட்டையை மட்டும் கழற்றி, படத்தையும் கண்ணாடியையும் ஒன்றாகவே வைத்துப் பிரதி எடுங்கள்.

மெல்லிய சிஐஎஸ் வகை ஸ்கேனர் இதற்குச் சரிவராது. கண்ணாடியின் தடிப்பு அளவுக்குப் படம் விலகி நிற்பதால் மங்கலாக வரும். சற்று விலகி நிற்பதையும் தெளிவாக எடுக்கிற சிசிடி வகை ஸ்கேனர் வேண்டும், அல்லது கமெராவை நேர்மேலே நிறுத்தி, இரண்டு பக்கமும் 45 பாகையில் விளக்கு வையுங்கள், பளபளப்பு விழாது. சாதாரண அளவுப் படத்துக்கு 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி), கடவுச்சீட்டு அளவுப் படத்துக்கு 1200. கறுப்பு வெள்ளைப் படமானாலும் கலரில், தரம் குறையாத டிஃப் (TIFF) கோப்பாகச் சேமியுங்கள். பழுப்பேறிய விதமும் கறையும் கூடத் தகவல்தான்.

பின்பக்கத்தையும் கட்டாயம் ஸ்கேன் பண்ணுங்கள். ஸ்டூடியோ முத்திரை, தாள் கம்பனியின் பெயர், பென்சில் குறிப்பு எல்லாம் அங்கேதான் இருக்கும். பிளாஸ்டிக் பூச்சுள்ள தாள் என்றால் அநேகமாக 1970களுக்குப் பிந்திய பிரதி. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் இந்திய, இலங்கைக் குடியுரிமை விண்ணப்பங்களுக்கென்று எடுத்த சின்னப் படங்களும் வரலாம். அவற்றோடு வரும் கடிதம், துண்டு எதையும் படத்திலிருந்து பிரித்து வேறு இடத்தில் வைக்காதீர்கள்.

பூஞ்சணம் பிடித்தவற்றை உடனே தனியே எடுங்கள். தொட்டால் இழுபட்டு அப்பினால் அது இன்னும் உயிரோடிருக்கிறது. காற்றோட்டமான நிழலில் நன்றாகக் காயவிட்டு, பொடியான பிறகே என்95 முகக்கவசம் போட்டு, வெளியில் வைத்து மெல்லிய தூரிகையால் தட்டுங்கள். ஈரத்துணி கூடாது. வைக்கும் உறை பொலியெஸ்டர் அல்லது பொலிப்புரோப்பிலீனாக இருக்கட்டும். புது மழைக்கோட்டு வாசம் அடிக்கிற பிவிசி உறை நாளடைவில் படத்தோடு ஒட்டும்.

கருங்காலி:
சாமான்களைப் பற்றி. புளியை மறந்துவிடுங்கள். குடத்தின் கழுத்தில் புள்ளிப் புள்ளியாக வெட்டிய பெயரும் ஊரும் ஒவ்வொரு விளக்கலிலும் தேயும். பல குடும்பங்களுக்கு முன்னோரின் ஊர்ப்பெயர் மிஞ்சியிருப்பதே அந்த எழுத்தில்தான். அமிலம் பித்தளையில் உள்ள துத்தநாகத்தைக் கரைத்துச் சிவப்புத் திட்டையும் உண்டாக்கும். உலர்ந்த பருத்தித் துணியால் தூசு துடைத்தால் போதும்.

கத்திக்குத் தேங்காய் எண்ணெயும் வேண்டாம், சிக்குப் பிடித்துத் தூசை இழுக்கும். உதிர்கிற துருவை மட்டும் தூரிகையால் எடுத்து, மைக்ரோகிறிஸ்டலைன் மெழுகை (பெற்றோலியத்திலிருந்து எடுக்கும் நுண்பளிங்கு மெழுகு) மிக மெல்லியதாகப் பூசுங்கள். தீட்டவே கூடாது. தீட்டித் தீட்டி ஒடுங்கிய அலகு அந்தக் கத்தி எத்தனை கவ்வாத்துப் பார்த்தது என்று சொல்லும். கூடையில் படிந்த அடுப்புக் கரியையும் கழுவாதீர்கள்.

கூடையின் அடியில் மஞ்சள் நிறத்தில் புதிதாகப் பொடி கொட்டியிருந்தால் உளு (மூங்கிலைத் துளைக்கும் பூச்சி) உள்ளே இருக்கிறது. இரண்டு பொலித்தீன் பையில் அடுத்தடுத்துக் கட்டி, காற்றை வெளியேற்றி, சைபருக்குக் கீழே 18 பாகையோ அதைவிடக் குளிரோ உள்ள டீப் பிரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்தபின் 24 மணித்தியாலம் பையைத் திறக்கக் கூடாது, திறந்தால் பொருளின்மேல் தண்ணீர் கோர்க்கும். கம்பளிக்கும் இதே முறை, பிறகு மடிக்காமல் குழாயில் சுற்றுங்கள். லாம்பில் மண்ணெண்ணெயை ஒட்ட வடித்துத் திரியைக் கழற்றுங்கள். டிரங்குப் பெட்டியில் பூச்சி உருண்டை கிடந்தால் வீசுங்கள், அதன் ஆவி குளிர்ந்து மற்றப் பொருட்களில் பளிங்காகப் படியும்.

எதையும் ஈரச் சுவரில் சாய்க்காமல், சுவரிலிருந்தும் நிலத்திலிருந்தும் குறைந்தது 15 சென்ரிமீற்றர் விலக்கித் தட்டில் வையுங்கள்.

ஊர்க்கணக்கு:
இரண்டு பேர் சொன்னதும் சரி. ஆனால் அதற்கு முன் செய்ய வேண்டியது பதிவு. பொருளுக்கு 2025.4.3 மாதிரி எண் கொடுங்கள்: ஆண்டு, எத்தனையாவது நன்கொடை, அதில் எத்தனையாவது பொருள். வெள்ளைப் பருத்தி நாடாவில் பென்சிலால் எழுதிக் கட்டினால் போதும். செலோடேப் வேண்டாம், கறை விடும். பழைய தாள் படத்தின் பின்னால் ஓரத்தில் 2பி பென்சிலால் எண் மட்டும். பிளாஸ்டிக் பூச்சுத் தாளில் பென்சில் பிடிக்காது, உறையில் எழுதுங்கள்.

படத்தில் உள்ளவர்களை அடையாளம் காண ஒரு பிரதியின்மேல் டிரேசிங் தாளை வைத்து, தலைகளை வரைந்து எண் போட்டு, வீட்டிலுள்ள மூத்தவர்களிடம் காட்டுங்கள். கங்காணியின் (தொழிலாளரை மேற்பார்த்தவர்) பெயர் வந்து, பக்கத்தில் நிற்கும் பெண் வெறுமனே ‘மனைவி’ என்று பதிவாவதை விடவே கூடாது. அவர் பெயர், எந்த மலையில் கொழுந்தெடுத்தார், கூடையை யார் பின்னினார்கள், இதெல்லாம் கேட்டு ஃபோனில் ஒலிப்பதிவாகவே எடுங்கள். பெயர் போன பொருள் வெறும் பழைய சாமான்தான்.

நன்கொடையா இரவலா என்று எழுத்தில் வாங்குங்கள். படத்தைக் கொடுக்க மனமில்லாத வீட்டில் வற்புறுத்தாமல் ஸ்கேன் எடுத்து அன்றே திருப்பிக் கொடுங்கள். அடையாள அட்டை எண் தெரிகிற பத்திரத்தைப் பார்வைக்கு வைக்கும்போது எண்ணை மறைத்த பிரதியை வையுங்கள்.

முடிந்தால் ஹந்தானைத் தேயிலை நூதனசாலையையும் கம்பளைப் பக்கம் பழைய பீகொக் தோட்டத்தில் உள்ள தொழிலாளர் அருங்காட்சியகத்தையும் பாருங்கள். முன்னதில் தொழிற்சாலையும் இயந்திரமும். பின்னதில் லயத்து வாழ்க்கை. உங்கள் அறைக்குப் பின்னதுதான் வழிகாட்டி.

மஸ்கெலியா இளைஞன்:
மிக்க நன்றி. குடத்தை யாரும் தொடக் கூடாதென்று சொல்லிவிட்டேன். படங்களைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு வைக்கலாமா?

பழைய அல்பம்:
வைக்கலாம், ஆனால் மூடுகிற நாளைப் பாருங்கள். அன்றைய காற்றுதான் உள்ளே அடைபடும். மஸ்கெலியாவில் ஜூலையில் மூடினால் ஈரத்தைப் பூட்டி வைத்ததாகும். பெப்ரவரி, மார்ச்சில், வெயில் ஏறிய மதியத்தில் அடையுங்கள். 20 லீற்றர் பெட்டிக்குச் சுமார் 200 கிராம் ஜெல், துணிப்பையில், படத்தில் படாமல். நீல நிற ஜெல்லில் நச்சான கோபால்ட் உண்டு, செம்மஞ்சள் நிற ஜெல் வாங்குங்கள். நிறம் மாறினால் 120 பாகையில் அவன் (oven) அடுப்பில் இரண்டு மூன்று மணித்தியாலம் காயவைத்துத் திரும்பப் பாவிக்கலாம். உள்ளே ஒரு சின்ன ஈரப்பதமானி போடுங்கள்: 30 முதல் 50 வீதம் நல்லது, 65ஐத் தாண்டினால் பூஞ்சணம் வரும். தகரக் கூரைக்கு நேர்கீழே பெட்டியை வைக்காதீர்கள், பகல் சூடும் இரவுக் குளிரும் மாறி மாறி அடித்து மூடியின் உட்பக்கம் வியர்க்கும். டிஃப் கோப்புகள் மூன்று பிரதி, அதில் ஒன்று தோட்டத்துக்கு வெளியே ஒருவர் கையில்.