புதுப்பிப்பு: கந்தக பாலிமரும் என் காப்புரிமை ஆசையும்

கந்தகத்தை உருக்கி ரப்பர் கொட்டை எண்ணெயோடு சேர்த்து பாலிமர் (ரப்பர், பிளாஸ்டிக் மாதிரியான பொருள்) செய்யலாமா, காப்புரிமை கிடைக்குமா என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். பாலக்காட்டுப் பக்கம் கஞ்சிக்கோட்டில் வேலை, கொழிஞ்சாம்பாறையில் வீடு, சோதனை பின்கட்டுக் கொட்டகையில்.

பாலிமர் கட்டி கிடைத்துவிட்டது. கரும்பழுப்பு, நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுந்து மெல்ல மேலே வருகிறது. ஆனால் சூடு கூடியதும் ஒரே நாற்றம். "என்ன கண்ணு, முட்டை அழுகிப்போச்சா?" என்று அத்தை வேலியோரம் வந்துவிட்டார். அது ஹைட்ரஜன் சல்பைடு, விஷவாயு. கொட்டகைக்கு அன்றோடு பூட்டு.

காப்புரிமை ஏஜென்ட் சிரித்தார். எண்ணெயும் கந்தகமும் சேர்ந்த ஃபேக்டிஸ் 19ஆம் நூற்றாண்டுச் சரக்கு, அழிரப்பரில் போடுவது. வல்கனைசேஷன் என்றால் ரப்பரில் கொஞ்சம் கந்தகம் சேர்த்து உறுதியாக்குவது; கந்தகமே பெரும்பங்காக இருக்கும் 'தலைகீழ் வல்கனைசேஷன்' முறையை 2013இல் அரிசோனா பல்கலைக்கழகத்து ஜெஃப்ரி பியூன் குழு வெளியிட்டது. கந்தகம் உள்ள இன்னொரு பிளாஸ்டிக்கான பாலிஃபினைலீன் சல்பைடுக்கு பிலிப்ஸ் பெட்ரோலியம் 1967லேயே அமெரிக்கக் காப்புரிமை வாங்கிவிட்டது. அது உருக ஏறக்குறைய 280 டிகிரி வேண்டும். நம்ம கட்டி கொதிநீரிலேயே குழைகிறது!

விண்ணப்பிக்கும் முன்பே செய்முறையை இங்கே முழுசாகப் போட்டதுதான் பெரிய மடத்தனம். இருந்த புதுமையும் போச்சு. இப்போது வேறொரு கலவைக்குத் தற்காலிக விவரக்குறிப்பு (காப்புரிமைக்கான முதற்கட்ட விண்ணப்பம்) தாக்கல் செய்திருக்கிறேன். முழு விவரம் 12 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். அதுவரை கலவை அளவு கேட்காதீங்க.