அவுட்போர்ட் எஞ்சின் கீழே இறங்குகிறது, மேலே எழும்ப மறுக்கிறது: ட்ரிம் ரிலே மாற்றியும் பயனில்லை

கேள்வி: ஏரிக்கரையான் (வெள்ளவத்தை)

வணக்கம். பொல்கொட ஏரியில், மொரட்டுவைப் பக்கக் கரையில் கட்டி வைத்திருக்கும் எனது 19 அடி ஃபைபர் படகில் 70 குதிரைவலு அவுட்போர்ட் எஞ்சின் பூட்டியிருக்கிறேன். கடந்த மூன்று வாரங்களாக எஞ்சினைத் தூக்கி இறக்கும் ட்ரிம் பொத்தானில் 'மேல்' என்பதை அழுத்தினால் எஞ்சின் மூடிக்குள்ளே ரிலே (மோட்டாருக்கு மின்சாரத்தை மாற்றிவிடும் மின் சுவிட்ச்) 'டிக்' என்று ஒலிக்கிறது. ஆனால் ட்ரிம் மோட்டார் சுழல்வதில்லை. ஐந்தாறு முறை விட்டு விட்டு அழுத்தினால் ஒருமுறை எழும்பும். 'கீழ்' என்பதை அழுத்தினால் ஒவ்வொரு முறையும் தடையின்றி இறங்குகிறது. கைப்பிடியிலுள்ள பொத்தானை அழுத்தினாலும் எஞ்சின் மூடியின் பக்கத்திலுள்ள பொத்தானை அழுத்தினாலும் இதே நிலைதான்.

'மேல்' ரிலே பழுதாகியிருக்கும் என்று நினைத்து, பஞ்சிகாவத்தையில் புதியதொன்றை வாங்கிப் பொருத்தினேன். மாற்றம் எதுவும் இல்லை. பின்னர் மோட்டாரின் செருகியைக் கழற்றிவிட்டு, நீல வயருக்கும் பற்றரியின் எதிர்முனைக்கும் இடையே மல்டிமீற்றரை வைத்து 'மேல்' அழுத்திப் பார்த்தேன், 12.5 வோல்ற் காட்டியது. இதைப் பார்த்த திருத்துநர் ஒருவர், மின்சாரம் மோட்டார் வரை வருவதால் மோட்டார்தான் எரிந்துவிட்டது, அதை வெளிநாட்டிலிருந்து தருவிக்க வேண்டும் என்கிறார். அவர் கேட்கும் தொகையைக் கொடுப்பதற்கு முன் இங்கே கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்.

மறுமொழி: முகத்துவாரத்து மின்வேலைக்காரர்

தம்பி, மோட்டாருக்கு இப்போது காசு கொடுத்துவிட வேண்டாம். நீங்கள் எடுத்த அளவு பிழையன்று, ஆனால் அது சொல்ல வேண்டிய பாதியைச் சொல்லவில்லை. செருகியைக் கழற்றிய நிலையில் வயரில் மின்னோட்டமே இல்லை. களிம்பு பிடித்து ஒரே ஒரு செப்பு இழை மட்டும் மிஞ்சியிருக்கும் வயர்கூட அந்த நிலையில் 12.5 வோல்ற் காட்டும். ட்ரிம் மோட்டார் எஞ்சினின் முழுப் பாரத்தையும் தூக்கும்போது பல பத்து ஆம்பியர் இழுக்கும். வழியில் எங்காவது 0.2 ஓம் தடை இருந்தாலே, 25 ஆம்பியருக்கு 5 வோல்ற் அங்கேயே தொலைந்துவிடும். அந்த 0.2 ஓமை மல்டிமீற்றரின் ஓம் அளவில் தேடிப் பயனில்லை. மீற்றரின் இரண்டு வயர்களுக்கே ஏறக்குறைய அவ்வளவு தடை உண்டு. ஆகவே செருகியை மாட்டி, பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் அளக்க வேண்டும்.

அதைவிட முக்கியமான விடயம், அந்த இரண்டு ரிலேக்களும் வேலை செய்யும் முறை. பொத்தானைத் தொடாதபோது மோட்டாரின் நீல வயரும் பச்சை வயரும், தத்தம் ரிலேயின் ஓய்வுத் தொடுமுனை வழியாக எதிர்முனையுடன்தான் இணைந்திருக்கின்றன. 'மேல்' அழுத்தினால் 'மேல்' ரிலே மட்டும் இழுபட்டு நீல வயரை நேர்முனைக்கு மாற்றுகிறது. பச்சை வயர் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அப்படியானால் நீல வயரால் உள்ளே போன மின்னோட்டம் எந்த வழியால் திரும்பி வருகிறது? அசையாமல் சும்மா இருக்கும் 'கீழ்' ரிலேயின் ஓய்வுத் தொடுமுனை வழியாக. 'மேல்' வேலை செய்யாததற்கு 'கீழ்' ரிலே காரணமாக இருக்கலாம் என்பது பலருக்குத் தோன்றுவதே இல்லை. புதிய ரிலே வாங்குவதற்கு முன் இருந்த இரண்டையும் இடம் மாற்றிப் போட்டிருந்தால், செலவில்லாமலே விடை கிடைத்திருக்கும்.

கறுப்பு மீற்றர் வயரைப் பற்றரியின் எதிர்முனையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் 'மேல்' அழுத்திப் பிடிக்க, சிவப்பு மீற்றர் வயரால் வரிசையாகத் தொடுங்கள்: பற்றரியின் நேர்முனை, ரிலேக்கு வரும் தடித்த சிவப்பு வயர், மோட்டாரின் நீல வயர், மோட்டாரின் பச்சை வயர், கடைசியாக ரிலேயிலிருந்து போகும் கறுப்பு வயர். முதல் மூன்றும் பற்றரியின் அளவை ஒட்டியும், கடைசி இரண்டும் பூச்சியத்தை ஒட்டியும் இருக்க வேண்டும். நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவே மோட்டார் இருப்பதால் அங்கே இலக்கம் பாய்வது இயல்பு; அதைத் தவிர எந்த இரண்டு இடங்களுக்கு நடுவே இலக்கம் பாய்கிறதோ, அங்கேதான் நோய்.

இரண்டு எச்சரிக்கைகள். எஞ்சின் தூக்கிய நிலையில் இருந்தால் தாங்குகோலை மாட்டாமல் அதன் கீழே கை வைக்க வேண்டாம். மேலும், எரிபொருள் வாடை இருக்கும்போது ரிலே முனைகளைத் தொட்டுப் பொறி கிளப்ப வேண்டாம். மூடியைத் திறந்து சற்று நேரம் காற்றோட விட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

மறுமொழி: நீர்கொழும்புக் கடற்காற்று

ஐயா சொல்வதை மறுக்கவில்லை. ஆயினும் ட்ரிம் மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ்களையும் பார்க்க வேண்டும் என்பேன். எங்கள் படகில் வயர் நுழையும் இடத்தின் ரப்பர் சீல் தேய்ந்து உப்புநீர் உள்ளே போய், பிரஷ் ஒன்று அதன் கூட்டுக்குள் இறுகிவிட்டது. சுத்தியலின் மரப்பிடியால் மோட்டாரை மெல்லத் தட்டினால் சுழலும், அடுத்த நாள் மறுபடி நின்றுவிடும். பொல்கொட நீரும் பாணந்துறைப் பக்கமாகக் கடலோடு கலக்கும் உவர்நீர்தான் என்பதால் இதை ஒதுக்கிவிட முடியாது. மோட்டார் சுழன்றும் எஞ்சின் எழும்பாவிட்டால் மட்டுமே, மோட்டார் அழுத்தி எஞ்சினைத் தூக்கும் எண்ணெயையும் அதைக் கையால் திறந்துவிடும் வால்வையும் சந்தேகிக்க வேண்டும். உங்கள் நிலைமை அதுவன்று.

மறுமொழி: முகத்துவாரத்து மின்வேலைக்காரர்

பிரஷ் இறுகுவது அடிக்கடி காணும் பழுதுதான். ஆனால் மேலே போகும்போதும் கீழே வரும்போதும் மின்னோட்டம் அதே பிரஷ்கள் வழியாகத்தான் செல்கிறது. திசை மட்டுமே மாறுகிறது. பிரஷ் இறுகியிருந்தால் இறக்கும்போதும் இடைக்கிடை முரண்டு பிடித்திருக்கும். இறக்குவதற்குச் சுமை குறைவு என்பது உண்மையே. என்றாலும் மூன்று வாரத்தில் ஒருமுறைகூடத் தவறவில்லை என்பதால், நான் ரிலேப் பக்கமே நிற்கிறேன். தம்பியின் அளவுகள் வரட்டும்.

மறுமொழி: ஏரிக்கரையான்

இன்று காலை மருமகனைப் பொத்தானில் இருத்திவிட்டு அளந்தேன். அழுத்துவதற்கு முன் பற்றரி 12.6 வோல்ற். 'மேல்' அழுத்தி, மோட்டார் சுழலாத நிலையில்: பற்றரி 12.3, சிவப்பு வயர் 12.2, நீல வயர் 12.0, பச்சை வயர் 9.1, கறுப்பு வயர் 0.1. பச்சையில் 9.1 என்று கண்டதும் மீற்றர் பிழை என்று நினைத்து மூன்று முறை தொட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் 9 வோல்ற்றை ஒட்டியே நின்றது.

மறுமொழி: முகத்துவாரத்து மின்வேலைக்காரர்

மீற்றர் பிழையில்லை. நீலத்துக்கும் பச்சைக்கும் இடையே 2.9 வோல்ற் மட்டுமே எஞ்சுகிறது. மோட்டாருக்குக் கிடைப்பது அவ்வளவுதான், பிறகு அது எப்படிச் சுழலும்? மிச்ச 9 வோல்ற்றையும் பச்சைக்கும் கறுப்புக்கும் நடுவிலுள்ள ஏதோ ஒன்று விழுங்குகிறது. அந்த இடத்தில் இருப்பது 'கீழ்' ரிலேயின் ஓய்வுத் தொடுமுனையும் ரிலே உட்காரும் தளத்தின் தகடுகளுமே. தகடுகள் பளபளப்பாக, இறுக்கமாக இருந்தால் ரிலேயை மாற்றுங்கள்.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஐந்து முனை உள்ள ரிலே வேண்டும். 30, 87 என்ற முனைகளோடு 87ஏ என்பதும் பொறித்திருக்க வேண்டும், அந்த 87ஏதான் நாம் பேசும் ஓய்வுத் தொடுமுனை. கார் ஹோர்னுக்குப் பூட்டும் நான்கு முனை ரிலேயைக் கொடுத்து 'இதுவும் சரிவரும்' என்று சொல்லும் கடைகள் உண்டு. அதைப் போட்டால் எஞ்சின் மேலே எழும்பவே எழும்பாது. ஆம்பியர் அளவும் பழையதற்குக் குறையக் கூடாது.

எஞ்சின் முழுவதும் எழும்பிய பிறகும் பொத்தானை அழுத்தியபடி நிற்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். எண்ணெய்க்குப் போக வழியில்லாமல் மோட்டார் திணறும்போது மின்னோட்டம் உச்சத்துக்குப் போகும். விட்டு விட்டு அழுத்துவதும் கெடுதிதான்: பொத்தானை விட்டதும் இரண்டு வயர்களும் எதிர்முனைக்குத் திரும்புவதால், சுழன்றுகொண்டிருக்கும் மோட்டார் தன் மின்னோட்டத்தை அதே ஓய்வுத் தொடுமுனைகள் வழியாகவே கொட்டி நிற்கிறது. நீங்கள் ஐந்தாறு முறை தட்டித் தட்டி எழுப்பிய ஒவ்வொரு தடவையும் அந்தத் தொடுமுனை இன்னும் கொஞ்சம் கருகியிருக்கும்.

மறுமொழி: ஏரிக்கரையான்

ஐயா, நேற்று 'கீழ்' ரிலேயை மாற்றினேன். முதல் அழுத்திலேயே எஞ்சின் எழும்பியது. இப்போது பச்சை வயரில் 0.3 வோல்ற்தான் காட்டுகிறது. கழற்றிய ரிலேயின் மூடியைக் கத்தியால் பிளந்து பார்த்தேன்; நேர்முனைப் பக்கத் தொடுமுனை ஓரளவு சுத்தமாக இருக்க, ஓய்வுப் பக்கத்தில் மிளகளவு கரும்பள்ளமும் அதைச் சுற்றிப் பச்சைக் களிம்பும் இருந்தன. நீர்கொழும்பு நண்பர் சொன்னபடி மோட்டாரின் வயர் நுழையும் சீலையும் பார்த்தேன். வெடிப்பு விடத் தொடங்கியிருக்கிறது, மே மாதம் தென்மேல் பருவக்காற்றுக்குப் படகைக் கரையேற்றும்போது மாற்றுவேன்.

பழுது என்று கழற்றி எறிய வைத்திருந்த முதல் ரிலே, அந்தப் பழைய 'மேல்' ரிலே, குற்றமற்றது என்று இப்போது தெரிகிறது. அதைத் துடைத்து, பொலித்தீன் பையில் சுற்றி, படகின் பெட்டிக்குள் உபரியாக வைத்திருக்கிறேன்.