ட்ரெட்மில் பெல்ட்டுக்குத் தேங்காய் எண்ணெயா?

நுவரெலியாக்காரன்:
நேற்று ஒருத்தர் இங்கே எழுதியிருந்தார்: "ட்ரெட்மில்லுக்குச் சிலிக்கோன் எண்ணெய் வாங்கச் சொல்வது கடைக்காரர்களின் காசு பிடுங்கும் வேலை. மலையகத்து ஆட்கள் எல்லோரும் வீட்டுத் தேங்காய் எண்ணெயில் ரெண்டு கரண்டி பெல்ட்டுக்கு அடியில் விட்டால் போதும்." வாசித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நுவரெலியா 1868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தை மாதக் குளிரில் எண்ணெய்ப் போத்தலை அடுப்புப் பக்கம் வைத்து உருக்கித்தான் தலைக்கே தேய்க்கிறோம். ஏறக்குறைய 24 பாகைக்குக் கீழே போனால் தேங்காய் எண்ணெய் உறையும். அது பெல்ட்டுக்கும் பலகைக்கும் நடுவில் உறைந்து பிடித்தால் மோட்டர் இழுக்க முடியாமல் சூடாகும். எழுதியவர் வந்து பதில் சொல்லட்டும்.

பதுளை மாமா:
எழுதியது நான்தான், ஒளிந்துகொள்ளவில்லை. 3 வருஷமாகத் தேங்காய் எண்ணெய்தான் விடுகிறேன். ஒரு நாளும் உறையவில்லை.

நுவரெலியாக்காரன்:
பதுளை 680 மீட்டர். அங்கே உறையாதது பெரிய அதிசயமா? நீங்கள் "மலையகத்து ஆட்கள் எல்லோரும்" என்று எழுதினீர்கள். மலையகம் பதுளை பஸ் ஸ்டாண்டோடு முடிந்துவிட்டதா?

ஹட்டன் டீச்சர்:
உறைவதை விடுங்கள். சர்வீஸ் என்று எதைச் சொல்கிறோம் என்பதை முதலில் பேசுவோம். பிளக்கைக் கழற்றிவிட்டு, பெல்ட்டின் இரண்டு ஓரத்தையும் தூக்கி, காய்ந்த துணியால் பலகையைத் துடைக்க வேண்டும். மோட்டர் மூடியைத் திறந்து தூசு எடுக்க வேண்டும். வியர்வையில் உப்பு இருக்கிறது, கைப்பிடியையும் ஆணிகளையும் துடைக்காமல் விட்டால் துரு ஏறும். இங்கே மூடுபனி வேறு வீட்டுக்குள்ளேயே வருகிறது. எண்ணெய் கடைசி வேலை. அதுவும் எல்லா மெஷினுக்கும் வேண்டியதில்லை, சில பலகைகள் மெழுகு பூசியே வருகின்றன. கூட வந்த புத்தகத்தைப் பாருங்கள்.

நுவரெலியாக்காரன்:
டீச்சர் சொல்வது சரி, யாரும் மறுக்கவில்லை. ஆனால் என் கேள்வி ஒன்றே ஒன்று. உறையுமா, உறையாதா?

பதுளை மாமா:
உறையட்டுமே! ஏறி ஓடினால் உராய்ந்து சூடாகி 5 நிமிஷத்தில் தானாக உருகிவிடும். இது தெரியாமல் இவ்வளவு பெரிய விளக்கம். போன மாசம் வாட்டர் ஹீட்டர் விஷயத்திலும் நீங்கள் இப்படித்தான் எல்லோருக்கும் பாடம் நடத்தினீர்கள். கடைசியில் உங்கள் வீட்டு ஹீட்டர்தானே எரிந்தது?

நுவரெலியாக்காரன்:
ஹீட்டர் எரிந்தது கரண்ட் ஏறி இறங்கியதால். அதை இங்கே இழுப்பது பதில் இல்லாதவர் செய்யும் வேலை. ஆனால் ஒன்றை ஒத்துக்கொண்டீர்களே: உறையும்! அந்த 5 நிமிஷம் மோட்டர் கூடுதல் கரண்டை இழுக்கும். தினமும் காலையில் அப்படி இழுத்தால் கன்ட்ரோல் போர்டு எத்தனை நாள் தாங்கும்?

பண்டாரவளைத் தம்பி:
அண்ணன்மாரே, மலையில் பிறந்தவனுக்கு ட்ரெட்மில் எதற்கு? எங்கள் பாட்டி கொழுந்துக்கூடையோடு ஏறிய ஏற்றத்தில் பாதி ஏறினாலே போதும்.

ஹட்டன் டீச்சர்:
தம்பி, பாட்டி ஏறியது உடற்பயிற்சிக்கு இல்லை, வயிற்றுப்பாட்டுக்கு. அதைப் பெருமையாகச் சொல்லி எங்களை மட்டம் தட்டாதீர்கள். என் அம்மாவுக்குச் சீனி வருத்தம், டாக்டர் தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார். விடியற்காலை தேயிலைக்குள் சிறுத்தை நடமாட்டம், மழைக்காலத்தில் அட்டை, ரோட்டில் நாய். அவரை எங்கே நடக்க விடுவது?

பண்டாரவளைத் தம்பி:
சிறுத்தை எல்லா நாளுமா வருகிறது? இப்போதுதான் எல்லோருக்கும் பயம் கூடிவிட்டது.

ஹட்டன் டீச்சர்:
உங்கள் வீட்டு நாயைத் தூக்கிக்கொண்டு போனால் இப்படி எழுத மாட்டீர்கள். சரி, மாமா, உங்களுக்கும் ஒரு விஷயம். தேங்காய் எண்ணெய் நாளாக நாளாகச் சிக்குப் பிடிக்கும், தூசு அதில் அப்பிக்கொள்ளும். உருளைப் பக்கம் போனால் பெல்ட் வழுக்கும். வயதானவர் மேலே நிற்கும்போது வழுக்கினால் என்ன ஆகும்? துரு நீக்கும் ஸ்ப்ரேயும் கூடாது, அது பெல்ட்டையே கெடுக்கும். சுத்தமான சிலிக்கோன் எண்ணெய் கொஞ்சமாக, பலகையின் நடுவில் மட்டும்.

பதுளை மாமா:
3 வருஷமாக எனக்கு வழுக்கவில்லை.

நுவரெலியாக்காரன்:
பேச்சை மாற்றாதீர்கள். உறையும் என்று ஒரு வரி எழுதுங்கள்.

ஹட்டன் டீச்சர்:
எங்கள் மெஷினில் பெல்ட் இடப்பக்கம் ஒதுங்குகிறது. பின்னால் இருக்கும் எந்த ஆணியைத் திருக வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பண்டாரவளைத் தம்பி:
இடப்பக்க ஆணியை வலஞ்சுழியாகக் கால் சுற்று, டீச்சர். மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள், போதாவிட்டால் இன்னொரு கால் சுற்று. ஒரேயடியாக முறுக்க வேண்டாம். சிறுத்தை விஷயத்தில் நான் சொன்னது சொன்னதுதான்.

பதுளை மாமா:
நான் எதற்கு எழுத வேண்டும்? பதுளைக்கு வாருங்கள், போத்தலைக் கையில் தருகிறேன், ஊற்றிப் பாருங்கள்.

நுவரெலியாக்காரன்:
நான் ஏன் இறங்கி வர வேண்டும்? நீங்கள் ஏறி வாருங்கள். இன்று இரவு ஒரு கரண்டி எண்ணெயை ஜன்னல் ஓரம் வைக்கிறேன், விடிந்ததும் படம் போடுகிறேன். உறையுமா, உறையாதா என்று எல்லோரும் பார்க்கட்டும்.

பதுளை மாமா:
போடுங்கள். பக்கத்திலேயே அந்த ஹீட்டரையும் வைத்துப் படம் எடுங்கள்.